வேதப்புத்தகத்தில் ஏறிய எறும்பு

எனக்கு வயது எழுபது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. எட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மறையூரில் நான் பிடித்த வெல்ல உருண்டையைத் தராசில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். இந்தச் சாட்சியைக் கேட்டு, பெருமை பேசுகிறாள் என்று சபையார் நினைத்தால், ஆமாம், பெருமைதான். கொடுத்தவர் கர்த்தர்.

மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பெருவெள்ளம் போன மறு வருஷம், கரும்பு வெட்டும் நாளில், எனக்கு நீர் போவதில் துன்பம் வந்தது. அடிக்கடி போக வேண்டும். போனால் நெருப்பு. கொஞ்சம் போய் நின்றுவிடும். சில நாள் இரத்தம். ஒரு பெண் இதை யாரிடம் சொல்வாள்? வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பருகே உட்கார முடியாமல் போனபோதுதான் என் வீட்டுக்காரரிடம் வாய் திறந்தேன்.

அவர் வைத்தியரை அழைத்து வந்தார். வைத்தியரின் முறை இது: ஒரு சட்டியில் மூத்திரம் பிடித்து வெளியே வைக்க வேண்டும், எறும்பு மொய்த்தால் நீரிழிவு. வெல்லக் கொட்டகை ஓரமாக வைத்தோம். வெயில் ஏறுமுன் மொய்த்துவிட்டது.

"நீரிழிவேதான். சோறு கூடாது, வெல்லம் கூடாது. தண்ணியும் கொறைச்சுக்கணும்" என்றார்.

எல்லாவற்றையும் குறைத்தேன். வலி மட்டும் கூடியது. எலும்பும் தோலுமானேன். மருமகள் என் நல்ல சேலைகளை மடித்துத் தனியே வைத்தாள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இதை எடுத்துப்போடும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. இது இன்னதென்று மட்டும் காட்டும்" என்றேன். எழுத்துக் கூட்டியாவது ஒரு வசனம் வாசிக்கலாமென்று வேதப்புத்தகத்தை எடுத்தேன். அட்டை மேல் எறும்பு. வரிசையாக. வெல்லக் கை பட்ட புத்தகம் அல்லவா!

"ஏங்க, இங்க வந்து பாருங்க. வேதப்புத்தகத்துக்கும் நீரிழிவு வந்துருச்சு."

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்ன புள்ள ஒளர்ற?"

"நம்ம கொட்டாயில எறும்பு ஏறாத சாமான் எதுங்க? வைத்தியருக்குப் புடிச்சு வெச்சதும் பாகு அள்ளுற சட்டி. மொதல்ல உங்க வேட்டியப் பாருங்க."

வேட்டியிலும் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பு. அப்போதே வண்டி கட்டச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில போயி இத எப்படிச் சொல்றது?"

"நாந்தான சொல்லப்போறேன். நீங்க மாட்ட ஓட்டுங்க."

காட்டு வழியாக மலையிறங்கி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கேட்டார். கழுவின கண்ணாடிக் குப்பியில் நீர் வாங்கி, அதில் கொஞ்சத்தை ஒரு நீல மருந்தோடு சேர்த்துத் தீயில் காட்டினார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகுமாம். நீலம் நீலமாகவே நின்றது. என் கண்ணால் பார்த்தேன். மிச்சத்தைப் பூதக்கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்து, சீழும் இரத்தமும் இருக்கிறது என்றார்.

"நீர்ப்பையில புண்ணாவும் இருக்கலாம், கல்லாவும் இருக்கலாம். கம்பி விட்டுப் பாத்தாத்தான் தெரியும். வலிக்கும்மா, பொறுத்துக்குவீங்களா?"

"ஆறு பெத்தவகிட்டயா கேக்குறீங்க?" என்றேன்.

மெல்லிய கம்பி உள்ளே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். 'டிக்' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

"கல்லுதாம்மா."

அதைவிட இனிய சத்தம் என் ஆயுளில் கேட்டதில்லை. இன்னதென்று காட்டும் என்று கேட்டேன். காதாலேயே கேட்க வைத்தார். மயக்க மருந்து கொடுத்துக் கல்லை நொறுக்கி எடுத்தார்கள்.

அடுத்த கரும்பு வெட்டுக்கு நான் கொப்பரையருகே இருந்தேன். வைத்தியர் வந்தார். அவருக்கு ஒரு உருண்டை கொடுத்து, எனக்கும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "எறும்பு வருதான்னு பாருங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணுக்கு நீர்க் கடுப்பென்றாலும் என்னிடம்தான் வருகிறாள். ஜெபிப்பேன், கூடவே வண்டியும் ஏற்றிவிடுவேன். சகோதரிகளே, உங்களைப் படைத்தவருக்கு உங்கள் உடம்பில் அருவருப்பு இல்லை. அவரிடம் கேளுங்கள். வெட்கத்தை வைத்துக்கொண்டு செத்துப்போகாதீர்கள்.

ரூத்து, நான் சொன்னபடி எழுதினாயா? மூத்திரம் என்று சொன்ன இடத்தில் பேனா நின்றதே, பார்த்தேன். விட்டிருந்தால் சேர்த்து எழுது, கண்ணு. எங்கே, முதலிலிருந்து வாசி. உரக்க வாசி.