மேசைக்கடியில் நின்ற கறுப்பு ஷூ

மேடம் போன மறுநாள் காலை, அவருடைய மேசைக்கடியில் அந்தக் கறுப்பு ஷூ மட்டும் ஜோடியாக நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா லேத் ஓட்டிய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் கண்ணாடிக் கட்டடம். லண்டன் பணக்காரர்களின் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டுப் பெருக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் சென்னைக் கிளை அது. அன்றன்றைய விலைகளைச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் குழுவின் வேலை, மேடம்தான் தலைவர். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். வந்ததும் ரப்பர் செருப்புக்கு மாறிவிடுவார். ஆனால் லண்டனிலிருந்து அழைப்பு என்றால், முகம் தெரியாத போன் பேச்சானாலும், ஷூவை மாட்டிக்கொண்டுதான் பேசுவார். "காலு ஒழுங்கா நின்னாதாம்பா எனக்குக் குரலே வருது" என்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பொறுப்பில் இருப்பவர் விலகுகிறேன் என்று வாயைத் திறந்த கணமே கதவு திறக்கும் அவருடைய அடையாள கார்டு செத்துவிடும். ரகசியம் எதையாவது எடுத்துப்போய்விடுவார் என்று இருக்கைக்குக்கூடத் திரும்ப விடமாட்டார்கள். அந்த மாதம் இரண்டு மேலாளர்கள் அப்படித்தான் போனார்கள். அடுத்து மேடம் என்று பேச்சு. நான் இன்னும் நிரந்தரமாகாதவன். எங்கள் வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவன். "அந்தம்மா போய்ட்டா உன்னியும் தூக்கிடுவானுங்களா நைனா?" என்று அப்பா கேட்டார்.

ஒரு மதியம், லண்டன் தலைவரின் அழைப்புக்கு மேடம் என்னையும் கூட்ட அறைக்குள் கூப்பிட்டார். செருப்போடு எழுந்தவரிடம், "மேடம், ஷூ" என்றேன்.

"இன்னிக்கு வேணாம்பா. நீ வா."

முந்தின வாரம் நான் கண்டுபிடித்த விலைப் பிழையை என்னையே விளக்கச் சொன்னார். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது, அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. நான் முடித்ததும் மேடம் போனில், இவரை நிரந்தரமாக்க வேண்டும், இப்போதே சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்றார். எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, சரி என்றது குரல். "நீ போப்பா, கதவச் சாத்திட்டுப் போ" என்றார் மேடம்.

சற்று நேரத்தில் காவலாளி அண்ணன் அந்த அறை வாசலில் வந்து நின்றார். முத்தாபுதுப்பேட்டைக்காரர்; தினமும் மேடத்துக்கு வணக்கம் வைப்பவர். கதவு திறந்ததும், "கார்டு குட்துடுங்க மேடம். தப்பா நென்சிக்காதீங்க" என்றார்.

கழற்றிக் கொடுத்துவிட்டு, "செருப்பையும் கழட்டணுமா அண்ணே?" என்று கேட்டார் மேடம். அண்ணன் சிரிக்கவும் முடியாமல் தரையைப் பார்த்தார்.

அந்த ரப்பர் செருப்பின் சத்தம் லிஃப்ட் வரை கேட்டது. திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுந்திருக்கிறார். விலகுகிறேன் என்ற ஒரு சொல்லை, எனக்கு ஒரு 'சரி' வாங்கும் வரை நாக்கிலேயே அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

ஷூவைக் கொண்டுவந்து தரவா என்று பிறகு போனில் கேட்டேன். "அது ஆபீஸ் ஷூ. அங்கியே கிடக்கட்டும்" என்று சிரித்தார்.

இப்போது அந்த மேசை என்னுடையது. அடியில் அவருடைய ஷூ அப்படியே நிற்கிறது. லண்டன் அழைப்பு வந்தால் செருப்பை உதறிவிட்டு, அதன் பக்கத்தில் இருக்கும் என் ஷூவுக்குள் காலை நுழைத்த பிறகுதான் போனை எடுக்கிறேன்.