பருத்த டயரும் பாலிக் புலாவ் சேறும்

பினாங்குப் பட்டணத்தில் நான் வாடகைக் கார் ஓட்டிய நாட்களில் எனக்கு நிலையான கிராக்கி ஒருவர்தான்: பாசாரில் பழக்கடை வைத்திருந்த ஓர் அக்கா. வாசத்துக்குப் பேர்போன டுரியான் பழத்தின் பருவம் முழுக்கத் தினமும் காலையில் அவரை மலைக்கு அப்பால் இருந்த பாலிக் புலாவ் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், விடியலில் தானாக விழுந்த பழத்தை ஏற்றி, வெயில் ஏறுமுன் கடையில் சேர்க்க வேண்டும். அந்த வருஷம் முதல் வாரத்திலேயே மலைப்பாதையில் மூன்று முறை டயர் வெடித்தது. மூன்றாம் முறை அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி சொன்னார்.

"தம்பி, இன்னொரு வாட்டி என்னை ரோட்டுல உக்கார வச்சீங்கன்னா நான் வேற காடி பாத்துக்குவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ள நான் என்ன பெரிய மனிதனா? அவர் போனால் அந்தப் பருவத்தில் எனக்கு வேறு சவாரியே இல்லை.

என் கார் வயதானது. அதன் டயர்கள் ஒல்லியாக, கல்போல் கெட்டியாக இருக்கும். சைக்கிள் டயருக்கு அண்ணன் என்று சொல்லலாம். அந்த அளவில் டயர் வருவதே நின்றுபோயிருந்தது. டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கே புதிதாக வந்திருந்த பருத்த டயர்களைக் காட்டினார். காற்று குறைவாக இருந்தால் போதும், கல்லின்மேல் மெத்தைபோல் போகும்; ஆனால் அதற்கேற்ற சின்னச் சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். மாற்றினேன். மாட்டி முடித்ததும் மலாயில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: சுமை ஏற்றிப் பார், டயர் அதன் மேலிருக்கும் மட்காட்டுத் தகட்டில் உரசுகிறதா என்று பார். நான் இரண்டுக்கும் நடுவே கையை விட்டு ஆட்டிக் காட்டினேன். நாலு விரல் தாராளமாகப் போனது. காலிக் காரில் போகாமல் என்ன செய்யும்? எல்லாம் தெரிந்தவன் என்ற முகத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல பயிற்சி.

மறுநாள் போகும்போது கார் மிதந்தது. "பரவால்ல லா, குலுக்கலே இல்ல," என்று அக்காவே சொன்னார். நான் அதைக் காதில் வாங்காதவன்போல் இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

திரும்பும்போது பின்பக்கம் முழுக்க டுரியான். முந்திய இரவு மழை பெய்து பாதை செம்மண் சேறாகக் கிடந்தது. முதல் ஏற்றத்தில் வளைந்தபோதே பின்னாலிருந்து ஏதோ உறுமியது.

"தம்பி, என்னமோ கருகுதே."

"டுரியான்தான் அக்கா. ஒண்ணு ரெண்டு ரொம்பப் பழுத்திருக்கும்."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இருவது வருசமா டுரியான் விக்கிறவகிட்ட டுரியான் வாசம் சொல்லித் தர்றீங்களா?"

அறிவுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் மானத்துக்காக இன்னும் இரண்டு வளைவு ஓட்டினேன். பிறகு புகை வந்தது.

இறங்கிப் பார்த்தால், சுமையில் பின் ஸ்பிரிங்குகள் அமுங்கி, மட்காட் டயரின்மேல் உட்கார்ந்திருந்தது. புது ரப்பர் தேங்காய்ப்பூவாகத் துருவப்பட்டிருந்தது. அக்கா மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நடுவில் செருகிப் பார்த்தார். நுழையவில்லை.

"சுமை ஏத்திப் பாத்தீங்களா?"

"கைய விட்டுப் பாத்தேன்."

"ஒத்த டுரியான் வாங்க வர்றவனே நாலு வாட்டி குலுக்கிப் பாத்துத்தான் வாங்குறான். நீங்க காடிக்கே கைய விட்டுப் பாத்தீங்களாக்கும்."

பாதிப் பழத்தை இறக்கிவிட்டுப் போகலாம் என்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டயரை இளைக்க வைக்க முடியாது. மட்காட்டைக் கழற்ற முடியும். புத்தி எனக்குத் தாமதமாகத்தான் வரும், ஆனால் ஸ்பேனரோடு வரும். துருப்பிடித்த போல்டுகளோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, பின் மட்காட் இரண்டையும் கழற்றிப் பக்கவாட்டில் கட்டினேன்.

அதன்பிறகு உரசல் இல்லை, புகை இல்லை. சேறு மட்டும் இருந்தது. தேங்கிய தண்ணீர் ஒவ்வொன்றிலும் பின் சக்கரங்கள் செம்மண்ணை அள்ளிப் பழத்தின்மேலும் எங்கள் தலையிலுமாக இறைத்தன. திறந்த கார் வேறு. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

பாசாரில் இறங்கி, மன்னிப்புக் கேட்க நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் பழத்தைத் தூக்கிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்பத்தான் விழுந்திருக்கு, மண்ணுகூடக் காயல பாருங்க," என்றார். பொய்யில்லை, அன்று காலை விழுந்த பழம்தான். இத்தனை நாள் அதை வாயால் சொல்லியே அக்காவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. பத்து மணிக்குள் கடை காலி.

எனக்குத் துணிச்சல் திரும்பிவிட்டது. "கருமான்கிட்டக் குடுத்து மட்காட்டத் தூக்கி மாட்டிடறேன் அக்கா. நாளைக்கு ஒரு சொட்டு மேல படாது."

அக்கா காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டே, "அதெல்லாம் பருவம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வராதீங்க."