ஆறாம் தறியின் சிவப்பு இழை

ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குப் போகிற வழியில் உள்ள நாடாப் பட்டறையில், இருளம்மாள் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுது வெளியே போனதில்லை. அப்படியொரு பொல்லாத பொம்பளை! எட்டுத் தறியிலும் நெய்து விழுகிற நைலான் நாடாவை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு இழுப்பாள். ஓர் இழை விட்டிருந்தால் விரல் நிற்கும், வாய் ஓட ஆரம்பிக்கும், அறுந்த இழையை அவளே முடிந்தும் விடுவாள்.

பட்டறைக்கு வருமுன் பதினைந்து வருஷம் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்றவள். அந்த விரல்தான் இங்கே சோறு போட்டது. சோதிக்கிற வேலை அவள் கைக்கு வருமுன் ஒருமுறை பழுதென்று ஒரு சுருள் திரும்பி வந்து, எந்தத் தறியில் நெய்தது என்று தெரியாமல் அத்தனை பேரும் ஏச்சு வாங்கியபோது, அவள்தான் ஒரு வழி சொன்னாள். தறிக்கு ஒரு நிறம். நாடாவின் கரையோரம் ஒரே ஒரு வண்ண இழை. ஆறாம் தறிக்குச் சிவப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று பச்சை நாடாவுக்கு ஆர்டர் கொடுத்தது. லாரியில் சரக்குக் கட்ட என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஆனால் வெளிச்சம் பட்டால் நாடா துளியும் மினுங்கக்கூடாதாம். லாரிக்கு எதற்கு இந்தச் சீர் என்று இருளம்மாள் கேட்டாள். முதலாளி தங்கப்பாண்டியன் நல்ல மனுஷன்தான், ஆனால் தொடைநடுங்கி. நமக்கெதுக்கு அந்தக் கதை என்று சொல்லிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். சுருளுக்குச் சுருள் சோதித்துக் கையெழுத்தும் போட்டாள்.

போன திங்கட்கிழமை விஷயம் காதுக்கு வந்தது. அது பட்டாளத்துச் சாமானாம், எதிரி கண்ணில் படக்கூடாது என்றுதான் மினுங்காத நாடாவாம். படைக்கான சாமான் எதுவானாலும், எந்த நாட்டுக்குப் போகிறது என்று சொல்லி அரசாங்கத்தின் அனுமதி வாங்கித்தான் அனுப்பவேண்டும். சில நாடுகளுக்கு அனுமதியே கிடையாது. அந்தக் கம்பெனி லாரி நாடா என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறது என்று சந்தேகம். நாடா நெய்து கொடுத்த நாலு பட்டறைக்கும் மத்திய அரசு அதிகாரி வருகிறார்.

மறுநாள் விடியுமுன் தங்கப்பாண்டியன் வந்து நின்றார்.

"எட்டுத் தறியிலயும் வெள்ளை இழையப் போட்டுருங்கக்கா. கேட்டாகன்னா எப்பவும் வெள்ளைதான்னு சொல்லுங்க. முப்பது குடும்பம் இருக்கு. கையெழுத்தும் உங்களுது, மொத மாட்டுறது நீங்கதான்."

மிரட்டிச் சொல்லவில்லை. அழாத குறையாகச் சொன்னார். மிரட்டியிருந்தால் இருளம்மாள் திருப்பிக் கொடுத்திருப்பாள். மூன்றாம் தறியில் அவள் மகளே நெய்கிறாள். மறுபேச்சில்லாமல் இழையை மாற்றினாள், வண்ண நூல்கண்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

மகிமா என்கிற அந்த அதிகாரி புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். சின்ன வயசு, சத்தம் போடாத பேச்சு. தறி தறியாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் வெள்ளை. பழைய சுருள் இருக்கிறதா என்றாள். இல்லை என்றார் தங்கப்பாண்டியன். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மகிமா நோட்டை மூடினாள். இருளம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

போகிற போக்கில் மகிமா பைக்குள்ளிருந்து ஒரு முழம் பச்சை நாடாவை எடுத்தாள். அனுமதி இல்லாத ஒரு நாட்டில், சண்டையில் செத்துப்போன ஒருத்தன் போட்டிருந்த மார்புக் கவசத்தின் பட்டை என்றாள். நீங்கள் கைதேர்ந்தவர், உங்களுக்குத் தெரிந்த கைவேலையா பாருங்கள் என்று நீட்டினாள்.

கரையில் சிவப்பு இழை. அது பரவாயில்லை, சிவப்பு நூல் ஊரெல்லாம் கிடைக்கும். இருளம்மாள் பழக்கத்தில் விரலிடுக்கில் விட்டு இழுத்தாள். பாதியில் விரல் நின்றது. ஒரு முடிச்சு. கரண்டு போய் வந்து இழை அறுந்தால், மற்றவர்கள் உருண்டையாக முடிவார்கள். இது பூக்கட்டுகிற முடிச்சு. பட்டறையில் அப்படி முடிகிறவள் அவள் ஒருத்திதான். முடிச்சுக்குப் பக்கத்தில் துவைத்தும் போகாத கறுப்புக் கறை.

அது யார் முடிச்சு என்று வேறு யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் கார் கிளம்பிவிடும். தங்கப்பாண்டியன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தறியிலிருந்து மகளும் பார்த்தாள்.

"செத்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டாள் இருளம்மாள்.

பத்தொன்பது என்றாள் மகிமா.

இருளம்மாள் ஏணியை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள். வேண்டாம்க்கா என்று தங்கப்பாண்டியன் முனகியது காதில் விழுந்தது. சாக்கை அவிழ்த்து, சிவப்பு நூல்கண்டை எடுத்து வந்து நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறாம் தறி. முடிச்சு நான் போட்டது. நேத்துத்தான் எல்லாத்தையும் வெள்ளையா மாத்துனோம்."

மகிமா நோட்டைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் நெய்தோம் என்று எழுதிக்கொள்ளவா என்றாள். இரக்கப்பட்டுத்தான் கேட்டாள்.

தங்கப்பாண்டியன் வேகமாகத் தலையாட்டினார். இருளம்மாள் அந்தக் கறையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"தெரியாதுன்னு எழுதாதீக. லாரிக்கு இல்லேன்னு எனக்கு அன்னைக்கே பட்டுச்சு. ஒரு தரம் கேட்டேன், பதில் வரல. மறுதரம் கேக்காம கையெழுத்துப் போட்டேன். அதையும் சேத்து எழுதுங்க."

மகிமா எழுதி முடித்து நோட்டைத் திருப்பி வைத்தாள். சுருள்களுக்குப் போட்ட அதே கையெழுத்தை இருளம்மாள் அதன் கீழே போட்டாள். அதைப் பார்த்து நெய்கிறவர்கள் கையை எடுக்க, தறி ஒவ்வொன்றாக ஓட்டம் நின்றது.