வெனிங்குக்குக் கிடைத்த ஆராய்ச்சி நிதி

வெனிங் மனநலம் படித்தவள். மனக்கவலை இரத்த அழுத்தத்தை எப்படி ஏற்றுகிறது என்று ஆராய எங்கள் பந்துல் ஊருக்கு வந்து, என் வீட்டில் குடியிருந்தாள். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு ஜகார்த்தாவில் ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது. அது கிடைக்காவிட்டால் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் மாமாவின் டயர் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

நிதி கேட்குமுன் சிறிதாக ஆராய்ந்து காட்ட வேண்டும். சந்தைப் பெண்களை எதிரே உட்காரவைத்து, "மனசுல கவலை இருக்கா?" என்று கேட்பாள். முகத்தைப் பார்த்துக் கவலை சொல்வது எங்கள் ஜாவாவில் மரியாதை இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, உடம்புல காத்து புகுந்திருக்கு" என்பார்கள். சளி, காய்ச்சல், அசதி எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதுதான் பேர். அழுத்தமோ ஏறிக் கிடக்கும்.

"பெரியம்மா, இந்த ஊர்ல சந்தோஷத்துலதான் பிரஷர் ஏறுது போல!" என்பாள் வெனிங் என்னிடம்.

ஒருநாள் மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்தாள். குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, புகுந்த காத்து வெளியேற, எங்கள் ஊர் வழக்கப்படி முதுகைக் காசின் விளிம்பால் தேய்த்துவிட்டேன். கோடுகள் சிவந்து எழ எழ, டயர் கடைப் பயத்தையெல்லாம் கொட்டி அழுதாள். திடீரென்று துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"பெரியம்மா! உங்க முகத்த நான் பாக்கல, அதான் வாய் திறந்துச்சு!"

மறுநாள் முதல் பாய்தான். பெண்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, நான் தேய்க்க, அவள் பின்னால் இருந்து கேட்பாள். தெம்பே என்னும் சோயா அடை விற்கும் சாமினெம், "என் மருமக சமையலத் தின்னா உனக்கும் பிரஷர் வரும்டி!" என்று ஆரம்பித்து, மலேசியா போன மகன் பேசுவதே இல்லை என்பதில் முடித்தாள்.

அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்த பேராசிரியை எண்டா, "பாயில படுக்கவச்சா ஆராய்ச்சி பண்றீங்க?" என்று முகம் சுளித்துத் தும்மினார்.

"அம்மாவுக்கும் காத்து புகுந்திருக்கு, படுங்க!" என்றாள் சாமினெம். அரை முதுகு சிவப்பதற்குள், ஓய்வு பெற்ற தன் கணவர் அடுப்படியை விட்டு நகராத கதையைப் பேராசிரியை கொட்டிவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் வெனிங்குக்காகக் கையேந்தினேன். அல்லாஹ் கேட்டுவிட்டான். நிதி கிடைத்துவிட்டதென்று வெனிங் செருப்பில்லாமல் சந்தைக்கு ஓடிவந்தாள். சாமினெம் அவள் கன்னத்தைப் பிடித்து, நேருக்கு நேர் பார்த்து அழுதாள்.

"நீ போயிருவியோன்னு எனக்குத் தூக்கமே இல்லடி!"

வெனிங்குக்கு வாயெல்லாம் பல். "முகத்தப் பாத்தே கவலையச் சொல்லிட்டீங்க! அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று பையிலிருந்த இரத்த அழுத்தக் கருவியை எடுத்து, சாமினெமின் கையில் சுற்றத் தொடங்கினாள்.