ஒரு பக்க வசனம்

இன்று காலை மன்னார்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் நாடக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அட்டையில் கிரீடம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதா பசையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ரங்கராஜன் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், உங்க நாடகத்துல அப்பா பேசுற அந்த ஒரு வரியை எப்படி எழுதினீங்க?"

வழக்கமான பதிலைச் சொன்னேன். எழுதுகிறவனுக்கு அடக்கம் வேண்டும், மௌனமும் வசனம்தான், இத்யாதி. பல வருஷமாக அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஒருமுறை அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசி, சால்வைகூட வாங்கியிருக்கிறேன்.

நடந்ததை உங்களிடம் சொல்வதற்கென்ன. அது என் முதல் நாடகம். எழுதியது, இயக்கியது, டிக்கெட் கட்டோடு பாலக்கரையில் கடை கடையாக ஏறி இறங்கியது எல்லாம் நானே. தனிக்குடித்தனம் போகிற மகனிடம், பேப்பர் படித்துக்கொண்டே அப்பா ஒரு பக்க வசனம் பேச வேண்டும். அப்பாவாக நடித்தவன் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரன், தபாலாபீஸ் குமாஸ்தா, என் சிநேகிதன். நடிப்பு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. வசனம் மட்டும் மண்டையில் நிற்காது. நானோ, படுதாவுக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை என் நாடகத்தில் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தேன். வாலிபத் திமிர். அவன் வாதாடவில்லை. வசனத்தை எழுதி, மைதா பசை தடவி, பேப்பருக்குள் ஒட்டிக்கொண்டான். ஒத்திகையில் பிரமாதமாகப் பேசினான்.

அரங்கேற்றத்தன்று முன்வரிசையில் சபா செயலாளர். அவருக்குப் பிடித்தால் இன்னும் நாலு ஊரில் போடலாம். இல்லாவிட்டால் நாடகத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, உப்பிலியபுரத்தில் மாமாவின் உரக்கடைக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மேக்கப்காரர் அந்தப் பேப்பரை விரித்து வடை தின்றுவிட்டு, நல்ல மனுஷர், கடையில் புதுப் பேப்பர் வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டார். மேடையில் மகன் பெட்டியோடு நிற்கிறான். ரங்கராஜன் பேப்பரைப் பிரித்தான். புரட்டினான். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தான். படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன். எழுதிய எனக்கே முதல் வரி வரவில்லை. அவன் பேப்பரை நிதானமாக மடித்து வைத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்ட்டுட்டுப் போறியா?"

அவ்வளவுதான். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமாவின் உரக்கடை வேறு ஆள் பார்த்துக்கொண்டது. மறுநாளே அந்த ஒரு பக்கத்தையும் அடித்துவிட்டு, அவன் கேட்டதை எழுதிக்கொண்டேன். அச்சிலும் அப்படியே வந்தது, என் பெயரில். அவன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் தோன்றும். கைதட்டல் வந்ததும் மறந்துவிடும். மறந்துவிடும் என்பதும் பொய்தான். போன ஐப்பசியில் ரங்கராஜன் போய்விட்டான்.

இன்று அந்தப் பசை வாசனை என்னை விடவில்லை. வகுப்பு முடிந்ததும் மாணவியைக் கூப்பிட்டு, அது நான் எழுதியதில்லை என்று சொல்லி, அவன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அப்படியே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அவன் மனைவியிடமும் சொன்னேன். காபி டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"நீங்க எழுதினதுன்னுதான் எங்கிட்டயும் சொல்லிண்டிருந்தார். ஆனா யார் கிளம்பினாலும் அதைத்தானே கேப்பார் இவர். கோவிச்சுண்டு போறவாகிட்டகூட."

நாடகம் போட்ட ஹாலை இடித்துவிட்டார்கள்; அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷம், கொஞ்சம் நின்றேன். அந்த வாசலில் எத்தனை தடவை, "வேண்டாம்டா, நேரமாச்சு" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இன்று கேட்க அவன் இல்லை.