மணி மாமாவின் மீன் பெட்டியும் என் முதுகெலும்பும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் கல்மண்டபம் வரை போய் வந்தேன். ஏழெட்டு கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் பிரேக் பிடிக்காத வேனில் இறங்கியபோதுகூட நான் இத்தனை சாமியைக் கூப்பிட்டதில்லை.

எனக்கு வயது நாற்பத்தாறு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது; ஸ்கோலியோசிஸ் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே வலது தோள் ஏறித்தான் நிற்கும். இரண்டு வருடமாக இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. வலிக்குப் போன மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, வளைவு நாற்பத்திரண்டு டிகிரி, கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்திவிடலாம் என்றார்கள். அடுத்த புதன்கிழமைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முன்போலக் குனிய முடியாது என்பதையும் சொன்னார்கள். நான் ஃபிளாஸ்க்கும் இரண்டு நைட்டியும் வாங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பாதி பயம், பாதி ஆசை. நிமிர்ந்து நடக்கும் என்னை நான் பார்த்ததே இல்லையே!

இன்னொரு டாக்டரையும் கேட்காமல் உடம்பைக் கொடுக்காதே என்று எதிர்வீட்டு நர்ஸம்மா பிடிவாதமாக நின்றார். எலும்பு டாக்டர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களின் வளைந்த முதுகை வழக்கமாகப் பார்ப்பவர் யார் என்று கேட்டால்தான் திணறல். நாலு இடத்துக்குப் போன் போட்டேன். இரண்டு இடத்தில் மூட்டு மட்டும், ஓர் இடத்தில் குழந்தைகள் மட்டும். நாலாவதாகக் கல்மண்டபத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. முதுகெலும்பு நிபுணர் வெள்ளிக்கிழமை மட்டும், ஒன்பது முதல் ஒரு மணி வரை.

காலை 7.50க்குத் தேரடி மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்தால் செலவு குறைவுதான். ஆனால் ஏறும்போது இல்லாத வலியெல்லாம் இறங்கும்போது இருக்கும்.

10.40க்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் குரலே உயர்த்தாத மனிதர். நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், காலில் மரமரப்பு உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு சரிதாம்மா. ஆனா இது கூடிக்கிட்டே போகுதா, அப்படியே நிக்குதா? அதை வச்சுத்தான் ஆபரேஷனா இல்லையான்னு யோசிக்கணும். பழைய படம் ஏதாவது இருக்கா?"

முதுகுக்கு எடுத்ததில்லை. ஆனால் மணலியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், தூசிக்காக வருடா வருடம் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். அது உதவுமா என்று கேட்டேன்.

"நின்னுக்கிட்டுதானே எடுத்தாங்க? அதுல முதுகும் விழுந்திருக்கும். கொண்டு வாங்க. ஒரு மணிக்கு நான் கெளம்பிடுவேன்."

வீடு மாறியபோது அந்தப் படங்கள் இருந்த ஃபைலைக் காசிமேட்டில் அக்கா வீட்டுப் பரணில் போட்டிருந்தேன். இரண்டு கிலோமீட்டர். வாசலிலேயே ஆட்டோ கிடைத்தது.

"மெதுவா ஓட்டவா, ஸ்பீடா ஓட்டவாக்கா?" என்றார் டிரைவர்.

"ஸ்பீடா. ஆனா குலுங்கக்கூடாது."

"அத்து ஏரோப்ளேன்லதான்க்கா முடியும். குந்து, பாத்துக்கலாம்."

அக்கா வீட்டில் ஃபைல் இருந்தது, உள்ளே காகிதங்கள் மட்டும்தான். "படமா? உங்க மாமாதான் எடுத்துகினு போனாரு" என்றாள் அக்கா. அக்கா புருஷன் மணி மாமா துறைமுகத்தில் படகு வைத்திருக்கிறார். அங்கே ஓடினேன்.

"இன்னாம்மே, இந்த நேரத்துல?"

"மாமா, என் எக்ஸ்ரே எங்கே?"

"இங்கதான் கீது" என்று ஒரு மஞ்சள் மீன் பெட்டியைத் தட்டினார். அதன்மேல் சிவப்புப் பெயின்டில் 'ப.ம' என்று பளிச்சென்று இருந்தது. பழனி மகன் மணி. ஏலக்கூடத்தில் எல்லார் பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதால் பெயர் எழுதியே ஆக வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் தண்ணீரில் ஊறாது, கிழியாது. அதில் எழுத்தை வெட்டி, பெட்டிமேல் வைத்துப் பெயின்ட் தடவினால் தீர்ந்தது வேலை.

"மாமா, அது என் உடம்பு!"

"எனக்கு இன்னா தெரியும்? பத்து வருசமா சும்மா கெடந்துச்சி. ஒண்ணு காத்துல பறந்து கடல்ல பூட்ச்சி, ஒண்ணுதான் மிச்சம். அளுவாதம்மே, மண்ணெண்ண போட்டுத் தொடச்சித் தரேன்."

என் இடது நுரையீரலில் 'ப', வலதில் 'ம', நட்டநடு முதுகெலும்பில் புள்ளி. மூலையில் என் பெயரும் தேதியும் தப்பித்திருந்தன. பதினோரு வருடத்துக்கு முந்தைய படம். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

12.40க்குத் திரும்பினேன். "என்னம்மா இது, மண்ணெண்ணெய் வாசனை?" என்றபடி டாக்டர் படத்தை மாட்டினார். விளக்கு வெளிச்சம் 'ப.ம' வழியாகப் பாய்ந்து அவர் சட்டைமேல் விழுந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளி ஒரு எலும்பை முழுங்கிடுச்சு" என்றார் டாக்டர்.

"போச்சா டாக்டர்?"

"வளைவோட மேல் முனையும் கீழ் முனையும் இருந்தா அளந்துடலாம். ரெண்டும் இருக்கு." பென்சிலால் இரண்டு கோடு போட்டு அளந்தார். "நாப்பது. பதினோரு வருஷத்துல ரெண்டு டிகிரி. அளக்கறதுலயே அவ்வளவு வித்தியாசம் வரும்மா. கூடலைன்னே வச்சுக்கலாம்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். வளைவு வேகமாகக் கூடுகிறவர்களுக்கும் கால் பலவீனமாகிறவர்களுக்கும் ஆபரேஷன் பெரிய உதவி. பெல்ட் போட்டால் வலி கொஞ்ச நாள் குறையும், இந்த வயதில் வளைவு நிமிராது. உடற்பயிற்சியும் நிமிர்த்தாது, ஆனால் வலியை நன்றாகவே அடக்கும். "ஆறு மாசம் பயிற்சி செய்யுங்க, வருஷம் ஒரு படம் எடுங்க. முடிவு உங்களோடது."

இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நின்றபடி எடுத்த படமாக இருக்கட்டும். நெஞ்சுக்கோ வேறு எதற்கோ எடுத்த பழைய ஃபிலிமைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், மச்சான் மாமன் கண்ணில் காட்டாதீர்கள். டாக்டரிடம் "கூடுகிறதா?" என்று கேளுங்கள். எனக்குச் சரியானது உங்களுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பார்வைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய்.

வெளியே வந்து முதல் மருத்துவமனைக்கு நானே போன் செய்து, புதன்கிழமை வரவில்லை என்றேன். "வேற தேதி தரவா மேடம்?" என்று கேட்டது அந்தப் பெண் குரல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் மனசுக்குள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த ஒருத்தியை நடுரோட்டில் நின்று வழியனுப்பினேன். அழுகை வந்தது, அழுதேன். அப்புறம் பசித்தது. அக்கா வீட்டில் சங்கரா மீன் குழம்பும் கடம்பா என்கிற கணவாய் வறுவலும் இருந்தன. அக்கா நாற்காலி எடுத்துப் போட்டாள். வேண்டாமென்று தரையில் சம்மணம் போட்டு, தட்டின்மேல் நன்றாகக் குனிந்து, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.