புளியமரத்துக்கு அப்பால் கப்பல்

மணிமொழி அதுவரை கப்பலைப் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சிப் பெண். ஆங்கிலத்தில் பட்டம் பெற்றும் ஈராண்டுகள் வேலையின்றி இருந்தவளைப் புதுச்சேரியிலிருந்த ஒரு பயண நிறுவனம் ஒரே ஒரு நாளுக்கு வழிகாட்டியாக அமர்த்தியது. கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலிலிருந்து படகில் கரையேறிய வெளிநாட்டுப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, ரிஷிவந்தியம் கோயிலையும் கல்வராயன் மலையடிவாரத்தையும் காட்டிவிட்டு, மாலைக்குள் திரும்ப வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஒருவரைத் தவறவிட்டாலும் அடுத்த கப்பலுக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அது 1987ஆம் ஆண்டு. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அறிவிக்கப்பட்டிருந்தது. மறியல் மறுநாள் காலையில்தான் தொடங்கும் என்ற துணிவில் அவள் புறப்பட்டாள். ஆயினும் மலையடிவாரத்திலிருந்த அணையின் கரையில் நின்று மலையைக் காட்டும்போதெல்லாம் அவள் பார்வை சாலையின் பக்கமே திரும்பியது. படம் எடுப்பவர்களைப் படம் எடுக்கவிடாமல் வண்டியில் ஏற்றினாள்.

உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது ஓட்டுநர் காசிநாதன் பிரேக்கை அழுத்தினார். சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதைச் சுற்றி மறியல்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"இன்னாய்யா இது, நாளைக்குத்தானே?" என்று காசிநாதன் கத்தினார்.

"நாளைக்கு வெட்டுனா போலீசு வுடுவானா? அதான் இன்னிக்கே சாச்சிட்டோம்," என்றார் கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்த தெய்வசிகாமணி. பேருந்துக்குள் எட்டிப் பார்த்தவர், "வெள்ளக்காரன் போயி நாப்பது வருசம் ஆச்சே, மறுபடி யாருய்யா கூட்டியாந்தது?" என்றார். கூட்டம் சிரித்தது.

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, இவங்க கப்பலுக்குப் போவணுங்க. படகு போயிட்டா அவ்ளோதான்."

"ஆளு தாண்டிப் போலாம்மா. வண்டிதான் போவாது."

மரத்துக்கு அந்தப் பக்கம் வாழைக்கன்று கட்டிய பேருந்து ஒன்று நின்றது. மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்த கூட்டம் அது. மணிமொழி கிளைகளுக்கிடையே நுழைந்து ஓடினாள். இரு பேருந்துகளும் வந்த வழியே திரும்பட்டும், ஆட்கள் மட்டும் மாறிக்கொள்ளட்டும் என்றாள். ஓட்டுநர்கள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மணப்பெண்ணின் அத்தை பெரியம்மாள் மட்டும் மறுத்தார்.

"வெட்டிப்போட்ட மரத்த தாண்டிக்கினு பொண்ணு மாப்ள வூட்டுக்குப் போவணுமா? நல்லாக்குதும்மா உன் ஞாயம்!"

இந்தப் பக்கத்திலும் சிக்கல் இருந்தது. பயணிகளுள் கைத்தடி ஊன்றிய ஒரு மூதாட்டி, அடிமரத்தின் உயரத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மீண்டும் இருக்கையில் போய் அமர்ந்துகொண்டார்.

மணிமொழி தெய்வசிகாமணியிடம் திரும்பினாள். "நுனிப் பக்கம் ஒரு கிளைய அறுத்து வுட்டாப் போதுங்க. தாண்டாம நடந்து பூடுவாங்க."

"வழி வுடுறதுக்கா வெட்டுனோம்?"

"உன் தங்கச்சி கல்யாணமா இருந்தா இன்னா பண்ணுவ, தம்பி?" என்று பெரியம்மாள் மரத்துக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

தெய்வசிகாமணி காதைச் சொறிந்துகொண்டார். பிறகு ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். "ஆளு அகலம்தான் அறுக்கணும். போலீசு ஜீப்பு மூக்க நுழைக்கக் கூடாது!"

பச்சை மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. அறுப்பவர்கள் நிறுத்திப் பீடி பற்றவைத்தபோது, மணிமொழி தானே ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். கிளை விழுந்ததும் மணப்பெண் முதலில் நடந்து வந்தாள். பின்னால் சீர்த்தட்டுகள் வந்தன. அதன் பிறகே மூதாட்டி கைத்தடியுடன் அந்த இடைவெளியில் நுழைந்தார்.

வாழைக்கன்று ஆட ஆடப் பேருந்து விரைந்தது. வழியெங்கும் கோடரிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் மணிமொழி இருக்கையை விட்டு எழுந்தாள். விழுப்புரத்தைத் தாண்டியபின் எல்லாச் சாலைகளும் திறந்தே கிடந்தன. அப்போதும் அவள் உட்காரவில்லை.

கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூதாட்டியின் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டு, எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று அவள் படகுக்காரரை மீண்டும் மீண்டும் கேட்டாள்.

"ஏறிட்டாங்கம்மா, நீதான் பாக்கி!" என்றார் அவர் எரிச்சலுடன்.

மேலாளர் அருகில் வந்து, "அடுத்த கப்பலுக்கும் நீயே வந்துடு. இப்ப வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்குத்தான் சாலை இல்லை. ஏதேனும் ஒரு வண்டி விழுப்புரம் வரையிலாவது போகாதா என்று விசாரிக்க, மணிமொழி பேருந்து நிலையத்தை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினாள்.